ஆறாத வாய்கள்

கொட்டாவிக்கு அன்று கொட்டாவி விடக்கூட முடியவில்லை.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஆகியும் தாடை வீக்கம் வற்றவில்லை. வாயை முழுதாகத் திறந்தால் உயிர் போய் உயிர் வந்தது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, வாசல் பலகையில் 'துப்பறிவாளர்' என்ற பட்டமும் உண்டு. ஆனால் பழைய போலீஸ் நண்பர்கள் வைத்த 'கொட்டாவி' என்ற பெயர்தான் நிலைத்தது. எந்த வழக்கானாலும் விடை கிடைத்த நொடியில் அவருக்கு ஒரு பெரிய கொட்டாவி வரும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் உற்சாகம் வருமாம். இவருக்கு, அடச்சே இவ்வளவுதானா என்று தூக்கம் வரும்.

முதியோர் இல்லத்தின் வாசலில் லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றார். 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுத்தே வெளிறிப்போயிருந்தது.

"மூணு மாடி பாஸ்," என்றாள் ரேடியோ. "ஏறி முடிக்கிறதுக்குள்ள நமக்கே இங்க ஒரு கட்டில் போட்டுடுவாங்க."

ரேடியோ அவருடைய உதவியாளர். அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை, அவளோடு ஐந்து நிமிடம் இருந்தால் போதும். அவள் பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார்.

"பல் டாக்டர் டீயே குடிக்கக் கூடாதுன்னாங்க இல்ல?"

"டாக்டர்னா நிறைய சொல்வாங்க."

"சரி. மேல போய் கிளையண்ட் முன்னாடி சிரிச்சுடாதீங்க. பல்லெல்லாம் துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு. பல்லைப் பிடுங்கப் போனவர் மிச்சப் பல்லோட மானத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

அவர் படி ஏறினார். அவர் சிரித்துப் பல நாளாகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

மேலாளரின் அறையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தது. மேசையும் நாற்காலியும் மட்டுமல்ல, பேனாக்கள்கூட. மேலாளரும் அப்படித்தான், தேய்த்த சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யார் செஞ்சதுன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும்," என்று ஆரம்பித்தார். "எனக்குத் தேவை சாட்சி மட்டும்தான்."

கொட்டாவிக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிற கிளையண்ட்டைப் போல அலுப்புத் தருகிறவர் உலகத்தில் இல்லை.

விஷயம் இதுதான். இல்லத்தில் பலருக்கு வாயில் பூஞ்சை. நாக்கில், கன்னத்தின் உள்பக்கத்தில் எல்லாம் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாகப் படலம். துடைத்தால் ரத்தம் கசிகிறது, விழுங்கினால் எரிகிறது. டாக்டர் கொப்பளிக்க ஒரு கிருமிநாசினி மருந்தும், நாக்கில் விட ஒரு சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார். வாரக்கணக்கில் கொடுத்தும் யாருக்கும் ஆறவில்லை. மருந்து கொடுக்கிறவள் சின்னக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பணிப்பெண். அவளுடைய பையைச் சோதித்தபோது கொப்பளிக்கிற மருந்தின் காலி பாட்டில்கள் அகப்பட்டன.

"நல்ல மருந்தை வெளியில வித்துட்டு, இங்கே கலர் தண்ணியை ஊத்தி வைக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மேலாளர். "சாயங்காலம் தையல் டீச்சரோட மகன் வர்றார். அம்மாவுக்கு ஏன் ஆறலைன்னு கேட்டுப் போன்லயே கத்தினார். அவர் வர்றதுக்குள்ள இவளைப் போலீஸ்ல ஒப்படைச்சாகணும்."

"இல்லேன்னா?" என்றாள் ரேடியோ.

"இல்லேன்னா அவர் என்னைக் கேட்பார்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் மனிதர் உண்மையாகப் பேசினார் என்று கொட்டாவிக்குத் தோன்றியது.

மேலாளர் அவர்களை மாடியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதன் மேல் குழி குழியாக வெட்டிய பெரிய தட்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு குழி. ஒன்றில் கொப்பளிக்கிற மருந்துக்குக் கப், பக்கத்தில் சொட்டு மருந்துக்குச் சின்னக் குப்பி.

"இது என் ஐடியா," என்றார் மேலாளர். அன்று முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "முன்னாடி மருந்துக்காகவே நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டிருந்தாங்க. இப்ப ஒரே சுத்து. ஒரு ஆள் போதும்."

"அந்த இன்னொரு ஆள்?" என்று கேட்டாள் ரேடியோ.

"அனுப்பிட்டோம்."

கொட்டாவி தட்டின் ஒரு குழியை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. தச்சருக்குக் கை சுத்தம்.

தையல் டீச்சர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவராம். போர்வையின் ஓரத்தை விரல்கள் தானாக மடித்துக்கொண்டிருந்தன. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணம் தொடாமல் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"வாயைத் திறங்க டீச்சர்," என்றார் மேலாளர்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நாக்கு முழுக்க வெள்ளை. ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அது அபூர்வமாக நடக்கிற காரியம்.

"பல்லைப் பாருங்க," என்றார் மேலாளர் வெறுப்போடு. "பழுப்பேறிக் கிடக்கு. எல்லாருக்கும் இதே கதைதான். மருந்தைத் திருடினது போதாதுன்னு, வயசானவங்களுக்குப் பல்கூடத் தேய்ச்சு விடறதில்லை."

டீச்சர் ஏதோ சொல்ல முயன்றார். எரிச்சலில் உதடு நடுங்கியது. முயற்சியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

"ஒருத்தருக்குக்கூட ஆறலையா?" என்றார் கொட்டாவி.

"ஒரே ஒருத்தருக்கு ஆறிடுச்சு. கோடி அறையில இருக்கிற கேப்டன். அதுவும் எனக்குச் சாதகம்தான். அவர் சண்டைக்காரர். கலர் தண்ணின்னு தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவார். அதனால அவருக்கு மட்டும் நல்ல மருந்து. வாயில்லாத ஜீவன்களுக்குத் தண்ணி."

இதைச் சொல்லிவிட்டு மேலாளர் போலீஸுக்குப் போன் செய்யக் கிளம்பினார்.

"சாமர்த்தியமாத்தான் இருக்கு பாஸ்," என்று முணுமுணுத்தாள் ரேடியோ. "நம்மளை எதுக்குக் கூப்பிட்டார்? கைதட்டவா?"

கேப்டன் கப்பலில் இருந்தவர் அல்ல, பேருந்து ஓட்டியவர். பிரேக் பிடிக்காத குணம். செய்தித்தாளைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி ஆறிச்சு?" என்று கேட்டார் கொட்டாவி.

"நான் யாருக்கும் அடங்க மாட்டேன். அதான்."

"பூஞ்சை பயந்துடுச்சா?" என்றாள் ரேடியோ.

கேப்டனுக்கு அது பிடித்துவிட்டது. வாயைத் திறந்து சிரித்தார். நாக்கு சுத்தமாக, சிவப்பாக இருந்தது. பல்வரிசை மட்டும் டீச்சருக்கு இருந்த அதே பழுப்பு.

கொட்டாவி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் உதட்டை விலக்கித் தன் பல்லைப் பார்த்தார்.

"டீ நிறைய குடிப்பீங்களா?" என்றார்.

"இங்கே வேற என்ன இன்பம் இருக்கு? எல்லாருமே குடிப்போம்."

"சின்னக்கா மருந்து எப்படிக் கொடுப்பா?"

"நல்ல பொண்ணுய்யா அவ. ஆனா அந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒரு கண்றாவியைக் கொப்பளிச்சுத் துப்பி, வாய் விறுவிறுன்னு இருக்கறப்பவே இன்னொரு கண்றாவியைச் சொட்டு விட வருவா. போம்மான்னு கத்துவேன். பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் முடிச்சாத்தான் மறுபடி வாயைத் திறப்பேன். எனக்குக் கண்ணு வேற சரியில்லையா, முடிக்க நேரமாகும். பாவம், எனக்காக அவ இன்னொரு தடவை மாடி ஏறி வருவா."

"தினமுமா?"

"தினமும்தான். அவ இல்லேன்னா இந்த வீடு நாறிடும். அந்த இஸ்திரிப் பெட்டிகிட்டச் சொல்லு."

இஸ்திரிப் பெட்டி என்றது மேலாளரை.

சின்னக்காவைத் துணி வைக்கிற அறையில் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் வருகிறவரை நகரக் கூடாது என்று உத்தரவு. அவள் அழுது முடித்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, கை மட்டும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தது. வேலையை விட்டு நிறுத்திய பிறகும் வேலை செய்துகொண்டிருந்தவளைப் பார்த்ததும் கொட்டாவிக்குத் தாடையைவிட நெஞ்சு வலித்தது. இத்தனை வருடத் தொழிலில் அவர் திருடர்களை நிறையப் பார்த்திருக்கிறார். அகப்பட்ட பிறகு மூலை சேர்த்து விரிப்பு மடித்த திருடரைப் பார்த்ததில்லை.

"காலி பாட்டில் எதுக்கும்மா?"

"எண்ணெய் ஊத்தி வைக்க சார். அந்த மூடி கசியவே கசியாது. குப்பையில போடறதைத்தானே எடுத்தேன்?"

மேசை மேல் சாட்சியாக அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை ரேடியோ திறந்து முகர்ந்தாள். "தலைக்கு வெக்கிற எண்ணெய் வாசனை பாஸ். இதுல கொப்பளிச்சா வாயில முடி முளைக்கும்."

சின்னக்கா சிரிக்கவில்லை. ரேடியோவும் அதை எதிர்பார்க்கவில்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

"இந்தப் பூஞ்சை இங்கே முன்னாடி வந்திருக்கா?" என்றார் கொட்டாவி.

"வந்திருக்கு சார். இதே மருந்துங்கதான். சீக்கிரமே ஆறிடும். அப்பல்லாம் காலையில எழுந்ததும் கொப்பளிக்க வெச்சுடுவோம். டீ, குளியல் எல்லாம் முடிஞ்சு வெயில் ஏறினப்புறம் சொட்டு மருந்து. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். புதுத் தட்டு வந்தப்புறம் எல்லாம் ஒரே சுத்து."

"ஆறலைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

"இன்னும் கவனமாப் பண்ணேன் சார்." அவள் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. "டீச்சர்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. அவங்களுக்கு மட்டும் ரெண்டு தடவை கொப்பளிக்க வெச்சு, அந்த ஈரம் காயறதுக்குள்ள சொட்டு விடுவேன். அப்பத்தானே மருந்து நல்லாப் பிடிக்கும்? வேற யாருக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யலை."

கொட்டாவியின் வாய் மெல்லத் திறந்தது. அவர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வந்துடுச்சு!" என்றாள் ரேடியோ. "பாஸுக்குக் கொட்டாவி வந்துடுச்சு! யாரு பாஸ்? யாரு?"

"என் பல் டாக்டருக்குப் போன் போடு," என்றார் அவர் வலியோடு.

அந்த டாக்டரம்மா எடுத்ததும் முதலில் டீயைப் பற்றித்தான் கேட்டார். கொட்டாவி பொய் சொன்னார். பிறகு இரண்டு மருந்தின் பெயரையும் படித்துக் காட்டினார்.

"நடுவுல எவ்வளவு நேரம் விடறாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

கொட்டாவி கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பார்.

சற்று நேரத்தில் எல்லோரும் டீச்சரின் அறையில் இருந்தார்கள். போலீஸ் இன்னும் வரவில்லை; மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சின்னக்கா கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அழைக்காத கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"சாட்சி கிடைச்சுதா?" என்றார் மேலாளர்.

"கிடைச்சுது." கொட்டாவி உதட்டை விலக்கித் தன் பல்லைக் காட்டினார். "பாருங்க. துருப்பிடிச்ச ஆணி. கேப்டன், நீங்களும் கொஞ்சம் சிரிங்க."

கேப்டன் தாராளமாகச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நிறம். டீச்சரும் அதே நிறம். பல் பிடுங்கினப்போ எனக்குக் கொடுத்ததும் இதே கொப்பளிக்கிற மருந்துதான். இதையும் உபயோகிச்சு, டீயையும் விடாம குடிச்சா பல்லு இப்படிப் பழுப்பேறும். டாக்டர் சொன்னாங்க, நான் கேக்கலை. கலர் தண்ணியில கொப்பளிச்சா இந்தக் கறை வராது. எல்லார் வாயிலயும் கறை இருக்குன்னா, எல்லார் வாய்க்கும் நல்ல மருந்து போயிருக்கு. பல் தேய்க்கலைன்னு நீங்க குத்தம் சொன்னீங்களே, அந்தக் கறைதான் அவ திருடலைங்கிறதுக்குச் சாட்சி."

சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளரின் நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்தது.

"நல்ல மருந்துன்னா ஏன் ஆறலை?"

"ரெண்டுமே நல்ல மருந்து. கொப்பளிக்கிறதும் பூஞ்சையை அடக்கும், சொட்டு மருந்தும் அடக்கும். ஆனா ரெண்டும் வாயில ஒண்ணாச் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும். நடுவுல அரை மணியாவது விடணும், இன்னும் அதிகம் விட்டா நல்லதுன்னாங்க. கேப்டன் சண்டை போட்டுப் பேப்பர் படிச்ச நேரம் இருக்கே, அதுதான் அவரைக் காப்பாத்திச்சு."

"நான்தான் சொன்னேனே, யாருக்கும் அடங்கக் கூடாதுன்னு," என்றார் கேப்டன்.

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்படின்னா தப்பு இவ மேலதானே? ஊத்தினது யாரு? இவ கைதானே?"

கொட்டாவி ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ வாசலுக்குப் போய்த் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து மேலாளருக்கு முன்னால் நிறுத்தினாள். இரண்டிரண்டு குழி. கப், குப்பி. கப், குப்பி.

"இது யார் ஐடியான்னு சொன்னீங்க சார்?" என்றாள். "காலையில சொன்னீங்க, எனக்குத்தான் மறந்துடுச்சு."

மேலாளர் தட்டைப் பார்த்தார். கையை நீட்டி, கோணலாக இருந்த ஒரு கப்பை நேராக வைத்தார். பிறகு அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

"உங்களைக் கூப்பிட்டது நான்," என்றார் மெதுவாக.

"சாட்சிக்காகக் கூப்பிட்டீங்க. கொடுத்தாச்சு."

அதோடு முடிந்திருந்தால் அந்த நாள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஈரம் காயறதுக்குள்ளன்னு விட்டேனே," என்றாள் சின்னக்கா. "அப்போ டீச்சர் வாயை நான்தான் கெடுத்தேனா?"

திருடவில்லை என்று நிரூபித்துவிடலாம், அது சுலபம். இதற்கு என்ன பதில் சொல்வது? கொட்டாவி எத்தனையோ குற்றவாளிகளிடம் குற்றத்தைச் சொல்லியிருக்கிறார். அக்கறையாக இருந்தவளிடம் அக்கறைதான் காரணம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ரேடியோவைப் பார்த்தார். அவளும் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்டப் பேசியாச்சு," என்றார் கடைசியில். "தனித்தனியா கொடுத்தா ஆறிடும்னாங்க. டீச்சருக்கு இப்பவே ஆரம்பிக்கணும்."

முதல் மருந்தைக் கொடுத்தார்கள். டீச்சர் கொப்பளித்துத் துப்பினார். பிறகு காத்திருந்தார்கள். எல்லோரும்தான் காத்திருந்தார்கள். மேலாளருக்கு நாற்காலி இல்லை, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மிச்சம் பிடித்ததாக அவர் பெருமைப்பட்ட நேரம் முழுவதும் அந்த அறையில் மெதுவாக நகர்ந்தது. ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. கேப்டன் பேப்பர் படித்தார். கொட்டாவி தாடையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார்.

கடைசிப் பக்கத்தை மடித்துவிட்டு, "முடிஞ்சுது," என்றார் கேப்டன்.

சின்னக்கா அசையவில்லை. அதனால் மேலாளரே குப்பியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார். "வாயைத் திறங்க டீச்சர்."

டீச்சர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"டீச்சர், ப்ளீஸ். மகன் வர்ற நேரம்."

டீச்சரின் கை போர்வையை விட்டது. மேலாளரைத் தாண்டி, கதவுப் பக்கம் நீண்டது.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் சின்னக்கா. "என் கையால வேண்டாம். இவ்வளவு நாள் என் கையாலதானே..."

டீச்சர் கையை மடக்கவில்லை. எரிகிற வாயோடு, ஒவ்வொரு சொல்லாக, பல நாள் கழித்துப் பேசினார்.

"நீ வந்தாத்தான் திறப்பேன்."

சின்னக்கா வந்தாள். மேலாளர் கையிலிருந்து குப்பியை வாங்கினாள். கொட்டாவியைத் திரும்பிப் பார்த்து, "நேரம் ஆயிடுச்சா சார்? நிஜமா ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா."

டீச்சர் வாயைத் திறந்தார்.